கடலை ரூம்

மாசிக் கடைசியில் ஒரு நாள் ஜாக்கெட் ஒன்றுக்குக் குந்தன் கல் ஒட்ட வேண்டியிருந்தது. கோந்தைக் காணோம். வீட்டில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் துழாவிவிட்டு, கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காங்கேயம் போய்ப் புதிதாக ஒரு டியூப் வாங்கி வந்தேன். அதை வைக்க இடம் பார்த்து ஒரு டப்பாவை நகர்த்தினால், பின்னால் மூன்று டியூப் படுத்திருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். இரண்டு கல்லாகிவிட்டது. மூன்றாவது கொஞ்சம் அமுங்கியது. மூடியைத் திருகினால் கழுத்தும் சேர்ந்து உடைந்து வந்தது.

சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"கெடச்சுதா கண்ணு?"

"கெடச்சுதுங்க அத்தை. நாலு."

எங்கள் வீட்டில் அந்த அறைக்குக் கடலை ரூம் என்று பெயர். மாமனார் இருந்த காலத்தில் ஆடிப் பட்டத்துக்கு மானாவாரியாகக் கடலை விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கிக் காய வைத்து, மூட்டை கட்டி அங்கேதான் அடுக்குவார்களாம். நான் வாக்கப்பட்டு வந்தபோது கடலை போய்த் தென்னை வந்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சம். ஒன்பது வருடத்துக்கு முன் நான் ஆரி, அதாவது கொக்கி ஊசியில் போடும் எம்பிராய்டரி, கற்றுக்கொண்டு, ஸ்டாண்ட் போட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டபோது அந்த ரூமைக் கொடுத்தார்கள். அன்றைக்கு உள்ளே போனது ஒரு ஸ்டாண்ட், ஒரு ஸ்டூல், ஒரு டியூப் லைட். இந்த வருடம் மாசியில் கதவை முழுசாகத் திறக்க முடியவில்லை. பின்னால் பனியன் துணி மூட்டை. ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். நான் நுழைந்துவிடுவேன், பழகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டினார்கள்.

புத்தகக் கணக்குப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். எங்கள் பக்கம் மாசி முடிவதற்குள்ளேயே வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்புத் துளிர் விட்டுவிடும். மாடு மேயும் கொறங்காட்டில் புல் காய்ந்து வெளுத்து, கிளுவை வேலி குச்சி குச்சியாக நிற்கும்போது, வாசல் வேம்பு மட்டும் புதுசாக மினுங்கும். அதைப் பார்த்தால் நோம்பி, அதாவது திருவிழா, வரப்போகிறது என்று அர்த்தம். நோம்பி என்றால் ஒறம்பரை, சொந்தக்காரர்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, அதனால் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். இந்தத் தடவை திருப்பூரிலிருந்து நங்கையாள் குடும்பம், தாராபுரத்திலிருந்து சின்ன மாமனார் வீடு, எங்கள் அம்மா. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர். ஆசாரத்தில், முன் கூடத்தில், ஆறு பேர் படுக்கலாம். மீதி?

அத்தை கடலை ரூம் பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

தைக்கே சுத்தம் செய்திருக்க வேண்டியது. வெள்ளை அடித்தோம், வீட்டுக்குப் பின்னால் புடக்காலியைக் கூட்டினோம், பூளைப்பூவும் ஆவாரமும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டினோம். கடலை ரூம் முறை வந்தபோது "அங்க ஆர்டர் வேலை ஓடுதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன். காப்பை அந்தக் கதவு நிலையிலும் ஒன்று செருகினேன், அதுதான் நான் அந்த ரூமுக்குச் செய்தது.

பங்குனி முதல் ஞாயிறு. காலை ஆறரைக்கு வாசலில் ஜமக்காளத்தை விரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அலமாரியைப் பிரித்து அங்கேயே அடுக்குவதெல்லாம் முன்பு நாலு முறை செய்து பார்த்தாயிற்று. ஒரு மூலையில் இருந்தது இன்னொரு மூலைக்குப் போகும், அவ்வளவுதான். இந்தத் தடவை ரூம் வெறுமையாகும்வரை எடுப்பது என்று முடிவு. ஒரு ஜமக்காளம் போதவில்லை. தார்ப்பாய் வந்தது. அப்புறம் திண்ணை.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தேங்காய் களத்தில் வேலை. கொப்பரை நிறுத்துப் பழகிய கை. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தவர், களத்திலிருந்து தொங்கு தராசைக் கொண்டுவந்து வேப்பங்கிளையில் மாட்டினார். "எவ்வளவுன்னு தெரியாம எப்படி முடிவு பண்றது?" எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் உள்ளூர ஆசையும் இருந்தது.

பனியன் துணி 34 கிலோ 600. கூடை ஒயர் 13 கிலோ. ஜாக்கெட் பிட், லைனிங் துண்டு 9 கிலோ. மணி, கல், சமிக்கி வகையறா 6 கிலோ 200. உல்லன் நூல் 4 கிலோ. மொத்தம் 66 கிலோ 800 கிராம். பட்டு நூல்கண்டுகளைத் தராசில் போட நான் விடவில்லை.

"ஒண்ணேகால் மூட்டை கொப்பரை" என்றார். "கொப்பரையா இருந்தா எண்ணெயாச்சும் வந்திருக்கும்."

பனியன் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பாதிப் பாரம் அதுதானே. கொழுந்தனார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கை வெட்டு, கழுத்து வெட்டு விழும் துண்டுகள் கம்பெனிக்குக் கட்டிங் வேஸ்ட். கிலோக் கணக்கில் விற்றுவிடுவார்கள். நான் ஒரு தடவை அதில் கால்மிதி பின்னிக் காட்டினேன். அவருக்கு சந்தோஷம். அன்றிலிருந்து எப்போது வந்தாலும் வண்டியில் ஒரு மூட்டை. காசு கொடுத்து வாங்கியிருந்தால் யோசித்திருப்பேன். சும்மா வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? இதுவரை பதினான்கு கால்மிதி பின்னியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வாசப்படி ஐந்து.

அந்தத் துண்டுக்கு வெளியில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது அதைத் தரம் பிரித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சுத்தக் காட்டன் துண்டை மறுபடி பஞ்சாகக் கிழித்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் நூலாக்குகிறார்கள். நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை, சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூலே வந்துவிடும். லைக்ரா கலந்ததைப் பஞ்சாக்குவது கஷ்டம், அதற்கு விலையும் கம்மி. அதெல்லாம் பெரும்பாலும் பட்டறையில் எண்ணெய் துடைக்கப் போகும். இழுத்துப் பார்த்தாலே தெரியும், லைக்ரா படக்கென்று பழைய அளவுக்கு வரும், காட்டன் ஓரம் சுருண்டுகொண்டு நிற்கும். ஒரு நாள் பொழுதோட உட்கார்ந்து நானும் மகளும் இழுத்து இழுத்துப் பார்த்துப் பிரித்தோம். வேஸ்ட் எடுப்பவர் வந்து ஆறு கிலோ போக மீதி எல்லாவற்றையும் எடுத்துப் போனார். நூலாகப் போயிருக்க வேண்டிய துணியை நான் ஒன்பது வருடம் கதவுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தேன்.

ஒயர் கதை வேறு. கூடை ஒயரை அட்டாலியில், மேல் பரணில், போட்டிருந்தேன். மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை வெயிலுக்கு அந்த அட்டாலியில் அப்பளம் காயப் போடலாம். கட்டு பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. பச்சைக் கட்டில் ஒரு முழம் உருவி மடித்தேன். மடிப்பில் வெள்ளைக் கோடு. இன்னொரு தடவை மடித்தால் பட்டென்று இரண்டாகிவிட்டது. சிவன் கண் முடிச்சுப் போட்டு இழுக்கும்போது முடிச்சிலேயே உடையும் ஒயரில் கூடை பின்னி, அதில் ஒருத்தர் தேங்காய் வாங்கிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். லேசாக விறைத்திருந்தது இளகியது. வெள்ளைக் கோடு விழுந்தது விழுந்ததுதான். ஒன்பது கட்டு தேறியது. மிச்சத்தைப் புடக்காலியில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்று கிளம்பிய வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்தினேன். பிளாஸ்டிக் எரிந்தால் அந்தப் புகை யாருக்கு நல்லது? பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் மக்காத குப்பையாகப் போனது.

எலாஸ்டிக்கும் அப்படித்தான். இழுத்தால் நொறுநொறு என்று ஒரு சத்தம், அப்புறம் இழுத்த நீளத்திலேயே தொங்குகிறது. பொம்மைக்காக வாங்கிய ஸ்பாஞ்ச் மஞ்சளாகி விரலில் மாவாக ஒட்டியது. ஜரிக் கண்டு இரண்டு கறுத்திருந்தது. இதெல்லாம் நான் ஏதோ "பின்னால் உதவும்" என்று பத்திரப்படுத்தியவை. நான் பத்திரமாக வைத்திருந்த காலத்திலேயே அவை ஒவ்வொன்றும் அதுபாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. ஊறுகாய்க்குப் பூஞ்சை பிடித்தால் உடனே தெரிகிறது. எலாஸ்டிக்குக்கு வாசம் வருவதில்லை.

பட்டு நூலை வெயிலில் வைக்க முடியாது, வெளுத்துவிடும். திண்ணை நிழலில் பரப்பினேன். மயில் கழுத்து நிறத்தில் மட்டும் பதினொரு கண்டு. ஒவ்வொரு முறையும் சேலையோடு யாராவது வந்து "இந்தக் கலர் இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள், தேடுவேன், கிடைக்காது, வாங்குவேன். எல்லாம் பழைய இனிப்பு டப்பா, தகர டப்பா, உள்ளே என்ன என்று தெரியாத டப்பாக்கள். இப்போது எல்லாம் கண்ணாடி பாட்டிலுக்கும் வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் மாறிவிட்டது. தகர டப்பாக்களை அத்தை வடகம் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.

இனி அந்தப் பித்தளைப் போகிணி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பூனை மேலே தாவி, மூன்று தட்டு மணியை ஒன்றாகக் கொட்டிவிட்டது. சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், முத்து, சமிக்கி, ஜர்தோசித் துண்டு, எல்லாம் ஒட்டுக்கா. கூட்டி அள்ளி ஒரு போகிணியில் போட்டேன். தூசியும் சேர்ந்துதான். எப்போதாவது உட்கார்ந்து பிரிக்கலாம் என்று. ஒரு மதியம் உட்கார்ந்து ஊசி முனையில் ஒவ்வொன்றாக எடுத்தேன், ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்பூன் கூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு போகிணி மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டேன். தூக்கிப் போடவும் மனசில்லை. உள்ளே காசு கிடக்கிறது.

அத்தை துணியை விலக்கிப் பார்த்தார். கையை விட்டு ஒரு குத்து அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், அரிசி பார்ப்பது போல. உள்ளே போனார். முறத்தோடு வந்தார்.

"அத்தை, அது கல்லு மணிங்க, தெறிச்சிரும்."

"எள்ளு தெறிக்கலயா?"

கால் நீட்டி உட்கார்ந்து முறத்தில் இரண்டு கை மணியைப் போட்டார். முதலில் புடைக்கவில்லை, சும்மா இரண்டு தட்டு தட்டி எடை பார்த்தார். அப்புறம் மணிக்கட்டு வேலை செய்ய ஆரம்பித்தது. டப், டப், டப். தூசி போனது. நூல் பிசிறு போனது. சமிக்கி லேசான தகடுதானே, கடலைத் தோல் மாதிரி முறத்தின் முன் விளிம்புக்கு ஊர்ந்து வந்தது. மணிகள் பின்னால் மடிப்பக்கம் தங்கின. விளிம்புக்கு வந்ததை விரித்த சேலையில் ஒரு சுண்டு சுண்டிவிட்டு மறுபடி டப், டப். இருபது நிமிடத்தில் சமிக்கி தனி. மணியில் காந்தத்தை ஓட விட்டேன், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. ஒடிந்த ஆரி ஊசி முனை ஏழு, குண்டூசி பதினைந்து ஒட்டிக்கொண்டு வந்தன. வெறுங்காலோடு இத்தனை நாள் அந்த ரூமில் நடந்திருக்கிறோம். மீதியைச் சல்லடையில் விட்டோம். மாவுச் சல்லடையில் ஒன்றும் இறங்கவில்லை. ரவைச் சல்லடையில் சுகர் பீட்ஸ் மட்டும் மழை மாதிரி இறங்கியது, முத்தும் பெரிய கட் பீட்ஸும் மேலே நின்றன. அந்தச் சல்லடை இனி சமையலுக்கு ஆகாது, அது போகட்டும்.

நிறம் பிரிப்பதுதான் பாக்கி. அதற்கு எங்கள் அமுச்சியின், அம்மாவைப் பெற்றவரின், பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, பதினான்கு நிறம். மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு பிரித்தார்கள். மூன்று வருடமாக என்னால் ஆகாத வேலை ஒரு பகலில் முடிந்தது. இந்தக் காணொளிகளில் அடுக்கு அடுக்காக விலை உயர்ந்த பெட்டி காட்டுகிறார்களே, எனக்கு இனி அதில் ஆசை இல்லை. முறம் இருக்கிறது.

புடைத்துக்கொண்டே அத்தை பேசினார். எனக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயம். "கடலை ரூமு வருசத்துல ஒரு தடவை வெறுமையாகும் கண்ணு. தை மாசத்துக்குள்ள மூட்டை போயிரும். விதைக் கடலை மட்டும் பானையில தனியா நிக்கும், ஆடிக்கு. மாசி பங்குனியில உள்ள சாணி போட்டு வழிச்சு, வேப்பந்தழைப் புகை போட்டு, கதவத் தொறந்து போட்டிருவோம். நோம்பிக்கு ஒறம்பரை வந்தா அங்கதான் படுக்கை. நானே கல்யாணமாகி வந்த வருசம் அங்கதான் படுத்தேன்."

அதாவது அந்த ரூம் எப்போதும் நிறைந்தே இருந்ததில்லை. நிறைவதும் ஒழிவதுமாகத்தான் இருந்திருக்கிறது. நான் வந்து நிறைத்தேன், நிறைத்தபடியே விட்டுவிட்டேன்.

கம்பம் நடுவதற்கு முந்தின வாரம் சிவன்மலை போனோம். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் ரோட்டில் இருக்கிறது. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி தெரியும்தானே? யாராவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்லுவார். அவர் கோயிலில் வந்து சொன்னால், சாமியிடம் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். தண்ணீர், மண், மஞ்சள், சைக்கிள் என்று என்னென்னவோ வந்திருக்கிறது. தண்ணீர் இருந்தபோதுதான் சுனாமி வந்தது என்பார்கள் எங்கள் ஊரில். அடுத்த ஆளுக்குக் கனவு வந்து அடுத்த பொருள் வரும்வரை பழையது இருக்கும். எத்தனை நாள் என்று கணக்கில்லை. புதுசு வந்தால் பழசு போய்விடும்.

பெட்டி முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தை மெதுவாகச் சொன்னார். "ஆண்டவனுக்கே ஒரு பெட்டிதான் அம்மிணி."

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி உல்லன் நூலை முழுசாக எடுத்து ஒரு பையில் போட்டேன். காங்கேயம் வெயிலில் உல்லன் குல்லா யாருக்கு? பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர் கைவேலைப் பாடத்துக்கு வாங்கிக்கொண்டார். ஜாக்கெட் பிட்டுகள் மகளிர் குழுவில் தையல் பழகும் பிள்ளைகளுக்குப் போனது. இப்போது நான் வைத்திருப்பது ஆரிச் சாமான், ஒன்பது கட்டு ஒயர், ஆறு கிலோ பனியன் துணி. கொழுந்தனாருக்குப் போன் செய்து, இனி மூட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மகளைப் பேச விட்டேன். "சித்தப்பா, அம்மாவுக்குக் கால்மிதி போதுமாம்" என்றாள். அவ்வளவு எளிதாக முடியும் என்று நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று தராசுக்கும் போகாமல், யாருக்கும் போகாமல் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண ஜாக்கெட். இடது கை முடிந்து வலது கை பாதியில் இருக்கும்போது கல்யாணம் நின்றுவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஃப்ரேமிலேயே இருக்கிறது, அரக்குப் பட்டில் ஒரு அன்னமும் அரை அன்னமும். பிரித்தால் ஜர்தோசி கொஞ்சம் மிஞ்சும். கத்தரியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு தையல் பிரித்தேன், அதையே திரும்பப் போட்டுவிட்டேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, மாமனாருடைய பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஃப்ரேம் மேல் போர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தார். "இது கெடக்கட்டும்" என்றார். அதோடு விட்டுவிட்டோம்.

நோம்பிக்கு ஐந்து பேர் கடலை ரூமில் படுத்தார்கள். நங்கையாள் நடு ராத்திரியில் எழுந்து, முதுகில் ஏதோ உறுத்துகிறது என்று லைட்டைப் போட்டாராம். ஒரு சுகர் பீட்ஸ். காலையில் காப்பி குடிக்கும்போது அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் போய்ப் பல்லாங்குழியில் பச்சைக் குழியில் போட்டேன்.

இன்று கம்பம் எடுத்தாயிற்று, தெருவில் மஞ்சத்தண்ணி ஆரம்பித்துவிட்டது. கொழுந்தனார் மகன் ஒரு குடத்தோடு எதிர் வீட்டுப் பக்கம் பதுங்குவது ஜன்னல் வழியே தெரிகிறது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வெள்ளை நூல், சந்தன நிற நூல் பாட்டிலெல்லாம் மூடி இல்லாமல் வரிசையாக வைத்திருக்கிறேன். எழுந்து போய் மூட வேண்டும்.